ஈரத்துணி

பிரசவ வலி கண்ட அமலியை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிய புதுக் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. இப்படி நிற்கிறதே என்றுதான் அவள் கணவன் பிலவேந்திரன் போன மாதம் பழைய காரை விற்றிருந்தான். அது சூடேறி நின்றால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போடுவான். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். இப்போதும் பழக்கத்தில் துணியை நனைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தான். உள்ளே வழவழப்பான கறுப்பு மூடி மட்டுமே இருந்தது. துணியை எங்கே போடுவதென்று தெரியவில்லை. காரின் திரை சர்வீஸ் சென்டரை அழைக்கச் சொன்னது. போனில் சிக்னல் இல்லை. “பழசா இருந்தா நாலு திட்டு திட்டியாவது கெளப்பியிருப்பீங்க,” என்று அமலி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் அலறலானது. துணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் நெற்றியில் போட்டுவிட்டு, வழக்கம்போலப் பக்கத்தில் காத்து நின்றான்.