நாற்றம் வந்த திசை

"ஏம்மா, நாங்கல்லாம் வீட்ல குடியிருக்கறதா, இல்ல ஊரை விட்டே ஓடறதா?"

நகராட்சி உரக்கிடங்குக்குள் நுழைந்ததுமே தங்கபாண்டி சத்தம் போட்டார். கொஞ்ச தூரத்தில் புது வீடு கட்டிக் குடிவந்தவர். ரெண்டு மூணு நாளாக வீட்டுக்குள் பிண வாடை. ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மேற்பார்வையாளர் முத்துப்பிரியா முகம் சுளிக்கவில்லை.

"உள்ள வந்து பாருங்கண்ணே."

குப்பை மேடுகள் மேல் தேங்காய் நாரும் மக்கிய உரமும் கனமாகப் போர்த்தியிருந்தன. வாடை எழும்பாமலிருக்க ஒரு ஆள் மருந்து தெளித்துக்கொண்டிருந்தார்.

தங்கபாண்டி மூச்சை இழுத்துப் பார்த்தார். மழை நனைத்த மண் வாசனை. அவ்வளவுதான்.

"நான் வர்றது தெரிஞ்சு அடிச்சு வெச்சிருக்கீங்க."

"தினமும் அடிக்கிறதுதான். இன்னைக்குக் காத்தும் இல்ல. இங்க இல்லாத வாடை உங்க வீட்ல எப்படிண்ணே அடிக்கும்? வாங்க, நானும் வர்றேன்."

நடந்தார்கள். போடி மலையிலிருந்து மேகம் இறங்கி, சாயங்காலம் வருமுன்பே வெளிச்சம் மங்கியிருந்தது. தெருவில் திரும்பியதும் குப்பென்று அடித்தது.

தங்கபாண்டி நின்றுவிட்டார். "என்னம்மா இது? கிடங்கை விட்டு விலக விலக நாத்தம் கூடுது!"

வாசலில் அவர் மனைவி அனுசியா முந்தானையால் மூக்கைப் பொத்தி நின்றாள். பக்கத்து வீட்டுச் சுவரில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கரையவில்லை. அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமாக, ஈக்கள் அப்பியிருந்தன.

"இங்க யாரு இருக்கா?" முத்துப்பிரியாவின் குரல் தாழ்ந்தது.

"குருவம்மாள்னு ஒரு அம்மா. ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டுட்டு மலையிறங்கி வந்தவங்க. ஒத்தையிலதான்..." அனுசியா தடுமாறினாள். "பார்த்து ஒரு வாரமிருக்கும்."

தங்கபாண்டி கதவைத் தட்டினார். பதிலில்லை. தோளால் மோதினார். தாழ்ப்பாள் தெறித்தது.

உள்ளே இருட்டு. பாயில் தலை முதல் கால் வரை போர்வை மூடிய உருவம். அசைவில்லை.

"ஐயோ, ஆத்தா!" அனுசியா அலறினாள்.

போர்வை அசைந்தது.

குருவம்மாளுக்கு உயிர் இருந்தது. சர்க்கரைப் புண் புரையோடி, முழங்கால்வரை கறுத்து அழுகியிருந்தது. முத்துப்பிரியா ஆம்புலன்சை அழைத்தாள். தங்கபாண்டி அந்தம்மாவின் தலையை மடியில் தாங்கித் தண்ணீர் புகட்டினார்.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா ஆத்தா? சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கோம்!"

குருவம்மாள் சிரமப்பட்டுக் கைகூப்பினாள்.

"நாத்தம் தாங்கலைன்னு நீங்க வைஞ்சது கேட்டுச்சு அப்பு. அதான் தவழ்ந்துபோயி ஜன்னலையெல்லாம் சாத்துனேன். அப்படியுமா வெளிய வந்திருச்சு?"