மூலையில் ஒரு டங்!

மலைச்சாலை என்றாலே ஜீப் என்ஜினுக்குள் இருந்த பிஸ்டனுக்குக் கொண்டாட்டம்தான். ஜீப் நிறைய ஆட்கள், கிறுகிறுக்க வைக்கும் வளைவு. பிஸ்டன் மேலேறிப் பெட்ரோல் ஆவியை நெருக்கிப் பிடித்தது. ஸ்பார்க் பிளக் ஒரு தீப்பொறியை வைத்தது.

பிளக் பக்கத்திலிருந்து தீ, ஆவிக் கூட்டத்தை ஒவ்வொருவராகப் பற்றிக்கொண்டு வந்தது. "வந்துக்கிட்டே இருக்கேன், எல்லாரும் அப்படியே இருங்க!" என்றபடி பிஸ்டனின் தலையில் கைவைத்து அழுத்தித் தள்ளியது.

"அப்படித்தான்! இன்னும் தள்ளு, வளைவைத் தாண்டிடலாம்!" என்று குதூகலித்தது பிஸ்டன்.

எதிர் மூலையில் நின்ற ஆவிக்குப் பொறுக்கவில்லை. முன்னால் எரிந்தவர்கள் நெருக்கியதில் அதற்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"கடைசி ஆளா பத்திக்கவா நான் வந்தேன்? இப்பப் பாருங்கடா!"

தீ வந்து தொடுவதற்குள் அது மொத்தமாக வெடித்தது. டங்!

பிஸ்டனின் மண்டையில் சுத்தியலால் போட்டதுபோல் இருந்தது. ஜீப் குலுங்கி, வளைவிலேயே நின்றுவிட்டது.

"எப்படி நம்ம அடி? மலையே கேட்டிருக்கும்ல?" என்றது மூலை ஆவி, புகையாக வெளியேறிக்கொண்டே.

"கேட்டுச்சு. டிரைவரே இறங்கி வந்து பாக்கிறார்," என்றது பிஸ்டன்.

டிரைவர் திரும்ப ஏறி, கியரைக் குறைத்து மறுபடி கிளப்பினார். புது ஆவிக் கூட்டம் ஆரவாரமாக உள்ளே பாய்ந்தது.

"டங்குன்னு ஒருத்தர் போட்டாராமே, அவர் நின்ன மூலை எது? எனக்கு அந்த இடம்தான் வேணும்!"

"தள்ளு, நான்தான் முதல்ல கேட்டேன்!"

பாதி மலை வரை ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்த தீயைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பிஸ்டன் மண்டையைத் தடவிக்கொண்டே மேலேறியது.