நீலம் பாய்ந்த கத்தி

"பொறாமைடி உன் தங்கச்சிக்கு! வேற ஒண்ணுமில்ல!"

அவர் ஹாலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இது பத்தாவது நடை.

"கொஞ்சம் உட்காருங்களேன். பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

உட்காருவதாவது! ஆறு மாதமாக ஆபீஸ் முடிந்து வந்ததும் கொல்லையில் கரி அடுப்பை மூட்டி, இரும்பைக் காய்ச்சி, தட்டி, தேய்த்து, மனிதர் மூன்றே மூன்று கத்திதான் உருப்படியாகச் செய்திருந்தார். மற்றதெல்லாம் வளைந்தும் விரிசல் விட்டும் மூலையில் கிடந்தன. அந்த மூன்றையும் தன் அக்காவுக்கு ஒன்று, ஆபீஸ் மேனேஜருக்கு ஒன்று, பக்கத்துத் தெருவில் ஐம்பது பேருக்குச் சமைத்து அனுப்பும் மச்சினிக்கு ஒன்று என்று பரிசாகக் கொடுத்தார்.

"பிரமாதம்டா தம்பி! விளிம்புல ஓடுதே அந்த நீலம், கண்ணைப் பறிக்குது!" என்றாள் அக்கா.

"கடைக் கத்தியெல்லாம் இதுகிட்டப் பிச்சை வாங்கணும்யா!" என்றார் மேனேஜர்.

போதாதா? நாளையோடு வேலைக்கு முழுக்கு, இனி கத்திதான் தொழில் என்று முடிவு கட்டி, ராஜினாமா கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

மச்சினி மட்டும் வாரா வாரம் போன் போட்டு உயிரை எடுத்தாள்.

"மாமா, பிடி உள்ளங்கையை அறுக்குது."

"மாமா, பூசணிக்காயில பாதியில மாட்டிக்கிச்சு. உருவி எடுக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

இன்றைக்குக் காலையில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள்.

"மாமா, அந்த நீலமா இருக்கிற இடம்தான் முதல்ல மழுங்குது. சாணை பிடிக்கும்போது சூடு ஏறவிட்டு இரும்பை இளக வெச்சுட்டீங்களா?"

அந்த நீலத்தையே குறை சொல்லிவிட்டாளே! அதற்குத்தான் இந்த நடை.

"அவளுக்குக் கொடுத்ததே தப்பு. திருப்பி வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினார்.

வழியில் அக்கா வீடு. விளம்பரத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று நுழைந்தார்.

"அக்கா, என் கத்தியை எடேன்."

அக்கா சமையலறையில் தேடினாள். பரணில் தேடினாள். கடைசியில் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தாள். துருப்பிடிக்காமலிருக்க அவர் தடவிக் கொடுத்த எண்ணெய்கூட அப்படியே இருந்தது.

"ஒரு தக்காளிகூட நறுக்கலையா?"

"அழகா இருக்கேன்னு பத்திரப்படுத்தி வெச்சிருக்கேன்டா!"

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டார்.

"கத்தியா? எந்தக் கத்தி? ...ஓ, அதுவா! சூப்பரா இருக்குய்யா!"

மச்சினி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

அவள் ஒரு மூட்டை வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கையில் அவர் செய்த கத்தி. தீட்டித் தீட்டி ஒரு விரல் அகலம் தேய்ந்துபோயிருந்தது. பிடியில் பழைய துணி சுற்றியிருந்தாள். இடது கையில் இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

சண்டை போட வந்த மனிதர் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை வெச்சுக்கிட்டு ஏம்மா அவஸ்தைப்படுறே? தூக்கிப் போட்டுட்டு நல்ல கத்தியா எடுத்துக்க வேண்டியதுதானே? நான் பாட்டுக்கு, நாளைக்கு வேலையை விடலாம்னு வேற இருந்தேன்..."

"தெரியும் மாமா" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க வேலையை விட்டுட்டுக் கத்தித் தொழில்ல இறங்கப் போறதா எங்கக்கா சொன்ன அன்னைக்கே நல்ல கத்தி நாலையும் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். வெளியில இருந்தா கை தானா அங்கதான் போகும். அப்புறம் உங்க கத்தியில எது சரியில்லைன்னு உங்களுக்கு யார் சொல்றது?"