மங்கலாக விழுந்த முத்திரை

ஒரு ஆபீஸ் மேசையில் ரப்பர் ஸ்டாம்பும் இங்க் பேடும் பதினாறு வருஷமாகச் சேர்ந்து உழைத்தன. ஒரு செவ்வாய்க்கிழமை கிளார்க் மரகதம் போனில் பேசியது ஸ்டாம்பின் காதில் விழுந்தது.

"திங்கக்கிழமை புதுசு வந்துரும். மை உள்ளேயே இருக்குமாம்."

இனி பேடுக்கு இங்கே என்ன வேலை என்று ஸ்டாம்புக்கு மனசு கனத்தது. சொல்லலாமா என்று தினமும் வாயெடுக்கும். ஏற்கெனவே காய்ந்து கிடக்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிடும். பாவம் பார்த்துப் பேடின் மேல் மெதுவாகவே விழுந்தது. காகிதத்தில் எழுத்தெல்லாம் மங்கலாகப் பதிந்தது. மரகதம் சலித்துக்கொண்டு இரண்டிரண்டு தடவை குத்தினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாம்புக்குத் தாங்கவில்லை. "திங்கக்கிழமை புதுசு வருதாம்டா, அதுல மை உள்ளேயே இருக்காம்" என்றது.

"நானும்தான் கேட்டேன்" என்றது பேடு. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாலு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

"என்கிட்ட எதுக்கு?"

"வரப்போறது ஸ்டாம்புடா."

ஸ்டாம்ப் மேசையில் மெல்லச் சாய்ந்தது.

"வா, இன்னும் பதினோரு காகிதம் கிடக்கு" என்றது பேடு. "இப்பவாவது நல்லா அழுத்தித் தொட்டுக்க."