தொண்ணூற்றேழு கிலோ

எடை மெஷினில் ஏறுமுன் நசீர் பெல்ட்டைக் கழற்றினான், வாட்ச்சைக் கழற்றினான், பாக்கெட்டில் இருந்த ஒர்க்ஷாப் சாவிக்கொத்தைக்கூட எடுத்து நாற்காலியில் வைத்தான். கை சட்டைப் பொத்தானுக்குப் போனபோது நர்ஸ், "போதும், போதும்!" என்று தடுத்துவிட்டாள்.

மெஷின் தொண்ணூற்றேழு காட்டியது. போன மாதம் தொண்ணூற்றாறு.

டாக்டர் கேட்டது தொண்ணூற்றிரண்டு. அதற்கு இறங்கி வந்தால்தான் நசீரின் கிட்னியில் ஒன்றை எடுத்து அவன் அக்கா ஹபீபாவுக்கு வைப்பார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது இவன் ஒருவனுக்குத்தான்.

"நோன்பு வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். தினமும் நடக்கிறேன் என்கிறீர்கள். அப்புறம் எப்படி எடை ஏறும்?" டாக்டர் இந்தியில் கேட்டார். "மூன்று மாதம் டைம் கொடுத்தாயிற்று நசீர் பாய். உங்களால் முடியாது. பேஷன்ட் பொது வரிசையிலேயே காத்திருக்கட்டும்."

இத்தனை பெரிய உடம்பு அழுதால் பார்க்கிறவன் சிரிப்பான் என்று நசீர் அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

அவன் சோம்பேறி இல்லை. விடிகாலை ஃபஜ்ர் தொழுத கையோடு தாராவியிலிருந்து சயான் கோட்டை வரை மூச்சு வாங்க வாங்க நடந்தான். பிரியாணி கிடையாது, பஜியா கிடையாது. முதல் இரண்டு மாதத்தில் நூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றாறுக்கு வந்தவன், நோன்பு மாதம் பிறந்ததும் மீதி நாலு கிலோ தானாகக் கரையும் என்று தைரியமாக இருந்தான். நோன்பு திறக்க இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் கஞ்சி. விடியுமுன் சஹருக்கும் அதே கஞ்சி.

ஆனால் அந்த ஜிலேபி!

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வரும் வழியில் மசூதி வாசலில் கடைக்காரன் சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கால் தானாக நின்றுவிட்டது, நாளுக்கு இரண்டு. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு தின்றதை நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பு கூசியது. அக்காவின் உயிரை அல்லவா மென்று விழுங்கியிருக்கிறான்!

ஒர்க்ஷாப்பில் பை தைத்துக்கொண்டிருந்தவர்கள் "சேட், கித்னா ஹுவா?" என்று எடையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரும்பு ஏணியில் மேலே வீட்டுக்கு ஏறினான். மனைவி ஆஸியா வாசலிலேயே நின்றாள்.

"எவ்வளவு மச்சான்?"

"தொண்ணூத்தேழு. எம் பேர எடுத்துட்டாங்க."

"கூடியிருக்கா? நோன்பு புடிச்சுமா?" ஆஸியாவின் முகம் மாறியது. "வெளிய என்னத்தத் தின்னியோ?"

அடுப்படியில் ஹபீபா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். காதில் விழாமல் இருக்காது, ஆனால் அவள் திரும்பவில்லை. "என்னாலதான் நோன்பு வைக்க முடியல. தொறக்கவங்களுக்குக் கஞ்சியாவது காய்ச்சுதேன்" என்று பிறை பார்த்த நாளிலிருந்து அவள் அடுப்பை ஆஸியாவிடம் விடவே இல்லை.

கிட்னி தருகிறேன் என்று நசீர் முதலில் சொன்னபோது அவள் சண்டைதான் போட்டாள். "மூணு பொட்டப்புள்ளய பெத்து வச்சிருக்க. ஒன்னக் கிழிச்சு நான் பொழைக்கணுமாக்கும்?" என்றாள். நசீர் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த பிறகுதான், "சரி, மொதல்ல எடையக் குறை" என்று இறங்கி வந்தாள்.

பாங்கு சொன்னார்கள். நசீர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். ஹபீபா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டு, அவனுடைய பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

அவன் அதைத் தள்ளி வைத்தான். சின்ன மகள் ஷமீமா, "எனக்கு" என்று கையை நீட்டினாள்.

"அது வாப்பாட கிண்ணம். நீ ஒன்னுத குடி" என்று ஹபீபா அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"லாத்தா, என்ன மன்னிச்சிரு." நசீரின் குரல் உடைந்தது. "நான் ஜிலேபி தின்னேன். ரெண்டு நாளு, ரெண்டு ரெண்டு. ஒனக்காக ஒரு மாசம் வாயக் கட்டத் தெரியாத நாய் நான். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒம் முன்னால ஒக்காருவேன்?"

ஆஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகள் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாப்பா அழுவதை வேடிக்கை பார்த்தன.

"அழாதலே" என்றாள் ஹபீபா. அவளால் தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போயிருந்த கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"நாலு ஜிலேபிக்கு என்னத்தல கூடிரும்? ஒங் கிண்ணத்துல மட்டும் ரெண்டு வேளையும் நெய்ய ஊத்துனது நான்தான்."