வால் முளைத்த நரம்பு செல்

ஆசிரியர்களுக்கான மாநில அளவிலான பயிற்சி முகாமில் சங்கரபாண்டி சார் மேடையேறி, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியபோது கண்ட கூத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேற மாவட்டத்துக் கட்டு ஒண்ணு வந்துச்சு. முப்பத்தெட்டுப் பேரும் நரம்பு செல்லை அம்சமா வரைஞ்சிருக்காங்க. ஆனா எல்லாப் படத்துக்கும் அடியில ஒரு வால்! இறங்கி, இடப்பக்கமா மடங்குது."

அரங்கமே சிரித்தது. மூன்றாம் வரிசையில் எமல்டா டீச்சருக்குக் காது சூடேறியது. அது வாலல்ல; அவருடைய வகுப்புக் கரும்பலகையின் விரிசல். பலகையை மாற்றச் சொல்லி நான்கு வருடமாக மனு எழுதி அலுத்துவிட்டார். "போர்டுல இருக்கிற ஒரு கோடு விடக்கூடாது" என்று தினமும் கத்தியவரும் அவர்தான். பிறகு பிள்ளைகளின் நோட்டில் எத்தனை தடவை சிவப்பு மையால் அடித்தும் அந்தக் கோடு போகவில்லை.

"அதுல ஒரு பேப்பர் வெறும் வெள்ளை. இந்தப் படம் மட்டும்தான் இருந்துச்சு."

அது பேச்சித்தாயாகத்தான் இருக்கும். வருடம் முழுக்க மேசையில் தலை கவிழ்ந்தே கிடந்தவள். திட்டியும் கெஞ்சியும் ஒருநாள்கூட அவள் நிமிர்ந்து பார்த்ததாக டீச்சருக்கு நினைவில்லை.

அவர் எழுந்தார். "அதுலயும் வால் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சே! இதைச் சொல்லிக்குடுத்த புண்ணியவான் யாருன்னுதான் தெரியல."

மறுபடியும் சிரிப்பு. எமல்டா டீச்சர் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் பெஞ்சுப் பிள்ளையைப் போலக் கையை நேராக உயர்த்தினார்.

"இன்னும் என்ன டீச்சர் சந்தேகம்?" என்றார் சங்கரபாண்டி சார்.