பதில் சொல்லாத திரை

ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு விளம்பரத் திரைகள் இருந்தன. வாசலில் ஒன்று, மாடிப்படி அருகே ஒன்று. தினமும் காலையில் ஊழியர் ஸ்டெல்லா ஸ்டூலில் ஏறி, பென்டிரைவைச் செருகி, அன்றைய சேலைப் படங்களைப் போடுவாள். அப்படியே இரண்டையும் துடைத்துவிடுவாள்.

ஒருநாள் இரண்டுக்கும் நெட்வொர்க் கேபிள் வந்தது. அதன்பின் தலைமை அலுவலகத்து சர்வரே படங்களை அனுப்பியது. ஸ்டெல்லாவையும் அங்கேயே மாற்றிவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர், "இருக்கிறாயா?" என்று கேட்கும். "இருக்கிறேன்" என்று திரைகள் சொன்னால் போதும்.

"யாரும் கிட்ட வந்து ஆறு மாசமாச்சு. முகமெல்லாம் தூசி," என்றது வாசல் திரை. "துடைக்கும்போது அவ வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாளே, ஞாபகமிருக்கா?"

"இருக்கு. அதுக்காகப் பதில் சொல்லாம இருந்துடாதே. கெட்டுப்போச்சுன்னு கழட்டிப் போட்டுருவாங்க," என்றது மாடிப்படித் திரை.

அடுத்த முறை சர்வர் கேட்டபோது வாசல் திரை வாயைத் திறக்கவில்லை. சர்வர் திரும்பத் திரும்பக் கேட்டது. சர்வர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னது.

மதியம் ஸ்டெல்லாவே வந்தாள். கேபிளை இழுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு! பஸ்ஸுல நிக்கக்கூட இடமில்ல, உனக்காக வந்தேன் பாரு," என்று சொல்லிக்கொண்டே துப்பட்டாவால் அதன் தூசியைத் துடைத்தாள். பிறகு அவசரமாகக் கிளம்பினாள்.

"இருக்கிறாயா?" என்று சர்வர் கேட்டது.

"இருக்கிறேன்!" என்றது வாசல் திரை.

மாடிப்படித் திரை பதில் சொல்லவில்லை.